கடுகு டப்பா வங்கி

கேள்வி: நான் கொடுக்கும் வீட்டுச் செலவுப் பணத்தில் என் மனைவி சிறுவாடு சேர்க்கிறாள். எவ்வளவு என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறாள். பண விஷயத்தில் பெண்களுக்குத் தைரியமும் தெளிவும் வர என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், திருச்செங்கோடு)

பதில்: ‘சிறுவாடு’ என்ற ஒரு சொல்லுக்காகவே உங்கள் கடிதத்தைக் கட்டின் மேலே எடுத்து வைத்தேன். ‘மகளிர் நிதி மேலாண்மை’ என்று எழுதியிருந்தால் அடியில் போயிருக்கும்.

சிறுவாடும் ஒரு வங்கிதான் ஐயா. துவரம்பருப்பு டின் தலைமை அலுவலகம். கடுகு டப்பா கிளை. அரிசிப் பானையின் அடியில் நிரந்தர வைப்பு. வீட்டு ஆண் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் கவுண்டர் திறக்கும். 25-ஆம் தேதிக்கு மேல் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரும் அதே ஆண்தான். ‘ஒண்ணாம் தேதி தந்துடறேன்’ என்பது அவர் வழக்கமாகத் தரும் ஈடு. வாராக்கடன் மொத்தமும் அந்த ஒருவர் பெயரிலேயே நிற்கும். ஆனாலும் வங்கி மூழ்கியதில்லை.

ஒரே ஒரு முறை ஆட்டம் கண்டது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் புடவை மடிப்பெல்லாம் வாக்குமூலம் கொடுத்தது. குவாலியரில் ஓர் இல்லத்தரசி அப்படி வெளியே எடுத்துக் கணக்கில் போட்ட 2,11,500 ரூபாயை வருமான வரித் துறை விளக்கமில்லாத பணம் என்றது. 2021-இல் ஆக்ரா வருமான வரித் தீர்ப்பாயம், இது வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம், வருமானமல்ல என்று சொல்லிவிட்டது. சிறுவாட்டுக்குத் தீர்ப்பாய முத்திரையே உண்டு. நீங்கள் தணிக்கைக்குக் கிளம்புகிறீர்கள்.

தைரியம் உங்கள் மனைவியிடம் இருக்கிறது. சிறுவாட்டுக்கு இல்லாதவை இரண்டு: வட்டியும் பெயரும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். அவர் பெயரில் மட்டும், கூட்டுக் கணக்கு அல்ல, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்று. அதே வங்கியில் அவருக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. நம் ஊரில் இந்த வேலை இடறும் இடம் இனிஷியல்: ஆதாரில் அப்பா எழுத்து, பான் அட்டையில் கணவர் எழுத்து. அதை முதலில் ஒன்றாக்கிவிட்டுப் போகட்டும். கணக்கில் தரும் கைபேசி எண் அவருடையதாக இருக்கட்டும். உங்கள் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி உங்கள் சட்டைப் பையில்தான் கூவும். கணக்கு அவர் பெயரில், சாவி உங்களிடம்.

பிறகு வட்டி. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து, 60 மாதம். ஓராண்டு தவறாமல் கட்டினால் இருப்பில் பாதிவரை கடன் கிடைக்கும். மூன்றாண்டுக்கு முன் மூட முடியாது. அதன்பின் முதிர்வுக்கு முன்னால் மூடினால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான். ஆகவே மாதம் 1,500 முடியும் என்றால் 500 வீதம் மூன்றாகப் போடச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டும் தப்பிக்கும். பால்காரருக்கும் திடீர்க் காய்ச்சலுக்கும் டப்பாவில் கொஞ்சம் இருக்கட்டும். கிளையை முழுதாக மூட வேண்டாம்.

‘அதற்கு நகையாகவே வாங்கலாமே’ என்பீர்கள். இந்தப் பக்கத்தில் நான் பலமுறை சண்டை போட்ட சொல் இதோ: சேதாரம். யாருக்குச் சேதாரம்? ஒரு பவுன் 8 கிராம். 12 சதவீதச் சேதாரம் சேர்த்தால் 8.96. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. ஆக 9.23 கிராமின் விலையைக் கொடுத்து 8 கிராமோடு படி இறங்குகிறீர்கள். அன்று மாலையே விற்றாலும் அந்த 1.23 கிராம் கடையோடு போனதுதான். நகைச்சீட்டு ஏன் 11 மாதம் என்று யோசித்ததுண்டா? வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால், கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். அதற்குக் கட்டுப்பாடுகள் ஏராளம். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டு அட்டைக்கு அது கிடையாது. பண்பாடு என்று கடிதம் எழுதப் போகிறவர்கள் எழுதலாம். அணிவதற்கு வாங்குங்கள், அழகாக இருக்கும். சேமிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ‘சும்மா இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்று எந்த மைத்துனர் ஜாமீன் தாளை நீட்டினாலும் உங்கள் மனைவி உட்கார்ந்து முழுதும் படிக்கட்டும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, வேறு நிபந்தனை எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. அதில் ‘சும்மா’ என்ற சொல் இல்லை.

அவர் தொகையைச் சொல்ல வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள்: உங்கள் கடன் எவ்வளவு, காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில், அதில் நாமினி யார், இன்னும் உங்கள் அம்மாவா?

கடைசியாக, ‘நான் கொடுக்கும்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. கடிதத்தைத் திருத்தி மறுபடி அனுப்புகிறீர்களா, இப்படியே அச்சேற்றட்டுமா?