அத்தையின் மன்றாட்டு மாலை

அன்புள்ள அக்கா,

மலேசியாவில், கூலாயில் வேலை செய்கிறேன். மனைவியின் ஊர் சுங்கை சிப்புட். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். தினம் மாலையில் அந்தோணியார் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றி, ஒருவர் அழைக்க மற்றவர் பதில் சொல்லும் செபமான மன்றாட்டு மாலை சொல்வார். இப்போது கண் மங்கிவிட்டதால் புத்தகத்தை என்னிடம் நீட்டுகிறார். வேலையிடத்து நண்பர் ஒருவர் பைபிளில் 1 திமொத்தேயு 2:5-ஐக் காட்டி, "கடவுளையும் மனிதரையும் இணைப்பவர் கிறிஸ்து ஒருவரே என்றிருக்கும்போது நடுவில் புனிதர்கள் எதற்கு?" என்கிறார். நானும் கத்தோலிக்கன்தான். ஆனால் வாய் எழ மறுக்கிறது. என்ன செய்வது?

அன்புள்ள தம்பி,

நானும் சுங்கை சிப்புட்காரிதான், ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். விடியுமுன் பெரட்டுக்கு, வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்குக் கிளம்பும்போது அந்தோணியார் படத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். படத்தின் கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து அடிப்பாகம் பழுப்பேறியிருந்தது. எவ்வளவு கழுவினாலும் அம்மாவின் விரலிடுக்கில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அது செபமாலையிலும் ஏறி, மணிகள் கறுத்துப் பிசுபிசுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மன்றாட்டு மாலையின் பதில்கள் மட்டும் ஒன்றுகூடத் தவறாது.

உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பதில்களிலேயே இருக்கிறது. கடவுளை அழைக்கும் இடத்தில் "எங்களைத் தயை செய்து இரட்சியும்" என்கிறோம். மாதாவையோ அந்தோணியாரையோ அழைக்கும் இடத்தில் அப்படிச் சொல்வதில்லை. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோம். இரட்சிக்கச் சொல்வது ஒருவரிடம், வேண்டிக்கொள்ளச் சொல்வது மற்றவர்களிடம். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "நாளைக்குப் பிள்ளைக்குப் பரீட்சை, நீங்களும் வேண்டிக்கோங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாரே, அதே சொல்தான். அவரிடம் போய், "ஏன், நேராகக் கடவுளிடம் கேட்கக்கூடாதா?" என்று யாரும் மடக்கியதில்லை. அவரும் நேராகக் கடவுளிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

உங்கள் நண்பர் காட்டிய வசனம் உண்மை, அதை மறுக்கவே வேண்டாம். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தையும் அவரோடு உட்கார்ந்து படியுங்கள். எல்லாருக்காகவும் மன்றாடுங்கள் என்றுதான் பவுல் தொடங்குகிறார். ஒருவருக்காக இன்னொருவர் வேண்டுவது கிறிஸ்துவின் இடத்தைப் பிடிப்பதாக இருந்தால் அதை அவர் எழுதியிருக்கவே மாட்டார். சரி, செத்தவர்களுக்குக் கேட்குமா என்பார். கடவுளிடம் இருப்பவர்களைச் செத்தவர்கள் என்று நாம் எண்ணுவதில்லை. திருவெளிப்பாடு 5:8-இல், விண்ணகத்தில் மூப்பர்கள் கையில் பொற்கிண்ணம் ஏந்தியிருக்கிறார்கள். அதில் நிறைந்திருக்கும் சாம்பிராணி இறைமக்களின் வேண்டுதல்கள். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

படத்தைப் பற்றியும் கேட்பார்கள். படத்துக்குச் செய்யும் மரியாதை அதில் இருப்பவரையே சேரும் என்று 787-இல் நிசேயாவில் கூடிய திருச்சபை ஆயர்களின் சங்கம் சொல்லிவிட்டது. ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்றும் அதே சங்கம் பிரித்து வைத்தது. தமிழில் நாம் தெருவில் பார்ப்பவருக்கும் வணக்கம் சொல்கிறோம், ஆராதனை சொல்வதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "இதை 13 பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெடுதல்" என்று அந்தோணியார் பேரில் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. பக்தியில் மூடநம்பிக்கை கலக்கக்கூடாது என்று திரெந்து நகரில் கூடிய சங்கம் 1563-லேயே எச்சரித்திருக்கிறது. வேலை கிடைத்தால் உண்டியலில் இத்தனை வெள்ளிக் காசு போடுகிறேன் என்று பேரம் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. நன்றிக்குக் கொடுங்கள். அந்தோணியார் ரொட்டி என்று ஏழைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கவே இருக்கிறது.

எங்கள் தோட்டம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாகி, லயங்களையும் இடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஊராகப் போனோம். அம்மாவும் இல்லை. ஆனாலும் அந்தோணியார் திருநாளான ஜூன் 13 வந்தால் பழைய லயத்து ஆட்கள் டவுன் கோயிலில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்போம். பதில் சொல்லும்போது யார் குரல் எது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

அந்தோணியாரை அடக்கம் செய்தது 1231-இல் ஒரு செவ்வாய்க்கிழமை, அதனால்தான் செவ்வாய் அவருடைய நாள். இந்தச் செவ்வாய் மாலை அத்தையின் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. நீங்கள் வாசியுங்கள், அத்தை பதில் சொல்லட்டும். அவசரப்படாமல், அவர் சொல்லி முடித்தபின் அடுத்த வரிக்குப் போங்கள்.

அன்புடன்,
அக்கா