கடவுள் நம்பிக்கை இருந்தும் மனம் ஏன் அமைதி அடைவதில்லை?

தினமும் செபிக்கிறேன், ஞாயிறு பூசையைத் தவறவிடுவதில்லை, ஆனாலும் மனம் அலைபாய்கிறது, இது விசுவாசக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசுவாசம் போதவில்லை, இன்னும் உபவாசம் இருங்கள் என்று உடனடியாகத் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு எங்கள் குமரி மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. விவிலியத்தில், குற்றமற்றவராக இருந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவிடம் அவருடைய நண்பர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். ஆனால் யோபு நூலின் 42ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சினம் கொள்வது, புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல, அவருக்கு விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான்.

இந்த யோபுவின் கதையைக் கேட்டுத்தான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவரானார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றிய அவர், கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து மனம் நொந்திருந்தபோது, 1741இல் குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி அளித்த டச்சுத் தளபதி டிலனாய் அதை அவருக்குச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்ற அவருக்கு அதன்பின் வாய்த்தது நிம்மதியான வாழ்க்கை அன்று. 1749இல் கைது செய்யப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

புலியூர்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தால் தவித்த அவர் செபித்து முழங்கையால் இடித்தபோது தண்ணீர் சுரந்ததாக மரபு சொல்லும் அந்தச் சிறிய குழியைத் தேடி இன்றும் மக்கள் வருகிறார்கள். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்; விசுவாசத்துக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவருக்கும் தாகம் எடுத்தது என்பதையே நான் அங்கே நினைத்துக்கொள்வேன்.

உம்மில் இளைப்பாறும்வரை எங்கள் இதயம் அமைதி கொள்ளாது என்று புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கையைச் சொல்லும் ‘அறிக்கைகள்’ (Confessions) நூலில் எழுதியதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். 387இல் திருமுழுக்குப் பெற்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, ஆயர் (பிஷப்) ஆகிவிட்ட பிறகுதான் அவர் அதை எழுதினார் என்பதை ஏனோ சொல்வதில்லை. அதே நூலின் பத்தாம் பகுதியில், அப்போதும் தம்மை அலைக்கழித்த சோதனைகளை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இறை இரக்கமோ நாம் அமைதி அடையட்டும் என்று காத்திருப்பதில்லை. லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்த இளைய மகன் வீடு திரும்பியதற்குப் பசியும் ஒரு காரணம். உம்முடைய கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று சொல்ல நினைத்து வந்தவனை, அந்த வரிக்கு வரும் முன்பே தந்தை இடைமறித்துவிடுகிறார். எனக்கு அதைவிட நெருக்கமானவன் வீட்டைவிட்டுப் போகாமலே இருந்து, திரும்பி வந்த தம்பிக்குத் தந்தை விருந்து வைத்ததைக் கண்டு மனம் புழுங்கிய மூத்தவன். இத்தனை ஆண்டுகள் உழைத்தேனே, ஓர் ஆட்டுக்குட்டியாவது தந்தீரா என்று கணக்குக் கேட்கிறவன் அவன். பூசை தவறாத நம்மைப் போன்றவர்களின் அமைதியின்மையில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம். ஆனாலும் தந்தை அவனைத் தேடியும் வெளியே வருகிறார், கடிந்துகொள்ளாமல் கெஞ்சி அழைக்கிறார்.

ஆகவே அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, வழக்கமான பாவங்களோடு நிறுத்திவிடாமல், கடவுள்மேல் உங்களுக்கு இருக்கும் மனத்தாங்கலையும் குருவானவரிடம் மறைக்காமல் சொல்லிப் பாருங்கள்.