62 மதிப்பெண்ணுக்கு ‘பி’ கிரேடா?

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டுப் பொது வேதியியல்

கேள்வி: பிளஸ் டூ வேதியியலில் சென்டம் வாங்கிய என் மகள், அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஜெனரல் கெமிஸ்ட்ரி பாடத்தின் முதல் மிட்டெர்மில் (பருவ இடைத்தேர்வில்) அவளுக்கு 100க்கு 62தான் வந்திருக்கிறது. கேட்டால், “இங்கே அது பி கிரேடு, கவலைப்படாதீர்கள்” என்கிறாள். எங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்கிறாளா, உண்மையிலேயே அப்படி ஒரு கணக்கு உண்டா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: அப்படி ஒரு கணக்கு உண்டு. ஆனால் அது எல்லா வகுப்புக்கும் பொருந்தாது. முதல் வாரத்திலேயே பேராசிரியர் கொடுத்துவிடும் சிலபஸில், பாடத் தலைப்புகளோடு, எந்தத் தேர்வுக்கு எத்தனை சதவீதம், எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு, தேர்வைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். பருவம் முடியும்வரை ஆசிரியரும் மாணவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். உங்கள் மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் அந்தச் சிலபஸைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அதில் நிலையான அளவுகோல் இருந்தால், பெரும்பாலும் 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி, 60க்கு மேல் டி, அதற்கும் கீழே எஃப் என்றிருக்கும். அந்தக் கணக்கில் 62 என்பது டி. மாறாக, ‘கர்வ்’ போடும் வகுப்பாக இருந்தால், தனி மதிப்பெண்ணைவிட வகுப்புச் சராசரியே முக்கியம். சராசரி 52 ஆக இருந்து, அந்தச் சராசரிக்குச் சி பிளஸ் என்று பேராசிரியர் வைத்திருந்தால், 62 வாங்கியவர் தாராளமாக பி எல்லைக்குள் வந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே, நிலையான அளவுகோலை வைத்துக்கொண்டு, பருவ முடிவில் தேவைப்பட்டால் மாணவருக்குச் சாதகமாக மட்டும் எல்லைகளைத் தளர்த்தும் முறையும் பரவலாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது முறைதான். முதல் இத்தனை பேருக்கே ஏ என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவே மாணவர்கள் தயங்குவார்கள்.

சென்டம் வாங்கியவருக்கு 62 எப்படி என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். நம் பொதுத்தேர்வில் புக் பேக் கேள்விகளை ஒன்று விடாமல் படித்தவருக்குக் கிடைக்கும் பலன் அங்கே கிடைக்காது. பெயர் தெரியாத ஓர் உலோகக் கார்பனேட்டின் நிறையைக் கொடுத்து, அதை அமிலத்தில் கரைத்தபோது வெளிவந்த கார்பன் டை ஆக்சைடின் கனஅளவு, வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றையும் கொடுத்து, அந்த உலோகம் எது என்று கேட்பார்கள். மோல் கணக்கும் வாயு விதியும் தனிம வரிசை அட்டவணையும் ஒரே கேள்விக்குள் வந்துவிடும். விடை தவறினாலும் வழிமுறைக்குப் பகுதி மதிப்பெண் உண்டு என்பதால், எந்தப் படியையும் மனத்துக்குள்ளேயே போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதும் பழக்கத்தை உங்கள் மகள் விட்டாக வேண்டும். 12.47 கிராமை 5.2 மில்லிலிட்டரால் வகுத்து, கால்குலேட்டர் காட்டிய 2.398076923 என்பதை அப்படியே எழுதினால் மதிப்பெண் குறையும். முக்கிய எண்ணுருக்களின்படி, அதாவது அளவீட்டின் துல்லியம் அனுமதிக்கும் இலக்கங்களை மட்டும் வைத்து, 2.4 என்று, அலகோடு எழுத வேண்டும்.

கேள்வி: வரும் ஆகஸ்டில் அமெரிக்கா போகிறேன். லேப் மதிப்பெண்ணை எப்படியும் முழுதாகப் போட்டுவிடுவார்கள் என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: நம்ப வேண்டாம். லேபில் மதிப்பெண் வாங்குவது எழுத்துத் தேர்வைவிட எளிது என்பது உண்மைதான். ஆனால் அதை இழப்பதும் அதே அளவுக்கு எளிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மிட்டெர்முக்குச் சேர்த்து 45 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 25, லேபுக்கு 20, வீட்டுப்பாடத்துக்கு 10 என்று சிலபஸ் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மிட்டெர்ம்களில் 62, 70, 58, இறுதித் தேர்வில் 66, லேபில் 90, வீட்டுப்பாடத்தில் 95 வாங்கும் மாணவருக்கு மொத்தம் 72.5 வரும், நிலையான அளவுகோலில் அது சி. அவரே பத்துச் சோதனைகளில் இரண்டுக்குப் போகாமல் இருந்து, லேப் மதிப்பெண் 72 ஆகக் குறைந்திருந்தால், மொத்தம் 68.9 ஆகி டி கிரேடுக்கு இறங்கிவிடுவார். இரண்டாம் பருவ வேதியியலில் சேர வழக்கமாகச் சி அல்லது சி மைனஸ் கேட்பார்கள் என்பதால், இது வெறும் நான்கு மதிப்பெண் இழப்பு அன்று, அதே பாடத்தை மீண்டும் கட்டணம் கட்டிப் படிப்பதில் போய் முடியும். சில துறைகளில் விதி இதைவிடக் கடுமை: குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் லேபைத் தவறவிட்டால், எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பாடம் முழுவதற்கும் எஃப்.

வகுப்புக்கு முன்பே ஆன்லைனில் ப்ரீ-லேப் வினாக்களை முடித்திருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, காலை மூடும் பேன்ட், விரல்களை மூடும் ஷூ கட்டாயம். செருப்போடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய மதிப்பெண் பூஜ்யமாகவும் வாய்ப்புண்டு.

நம் மாணவர்கள் சறுக்கும் இடம் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல். பிளஸ் டூ செய்முறையில் பியூரெட் அளவீட்டை ஒரு தசம இடத்தோடு நிறுத்தி, இரண்டு அளவீடுகள் ஒத்துவந்ததும் கன்கார்டன்ட் என்று எழுதி முடித்துவிடுவோம். அங்கே 0.1 மில்லிலிட்டர் கோடுகளுக்கு நடுவே திரவத்தின் அடிவளைவு எங்கே நிற்கிறது என்று கண்ணளவில் மதிப்பிட்டு, இரண்டாவது தசம இடத்தையும் எழுத வேண்டும். சரியாகக் கோட்டின் மேல் நின்றாலும் 23.4 போதாது, 23.40 என்றே எழுத வேண்டும். நிறங்காட்டியான பினாப்தலீன் வெளிர் இளஞ்சிவப்பில் நிற்க வேண்டும்; அடர்நிறம் வந்துவிட்டால் முடிவுப்புள்ளியைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், அந்த அளவீட்டையும் தாண்டிய விவரத்தோடு நோட்டில் குறிக்க வேண்டும். நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாமே தவிர அழிக்கக் கூடாது. மூன்றாவது அளவீட்டைச் செய்யாமலேயே ஒத்துப்போகும் எண் ஒன்றை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே விளையாட்டாகக் கருதப்படுகிறது. அங்கே அது தரவைப் புனைந்த குற்றமாகி, ஒழுங்கு விசாரணை வரை போகும்.

கேள்வி: மகனின் வேதியியல் மதிப்பெண் பற்றி அவனுடைய பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “சட்டப்படி எதுவும் சொல்ல இயலாது” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கட்டணம் கட்டுவது நான் அல்லவா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: அவர் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. ஃபெர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. கட்டணத்தை யார் கட்டுகிறார் என்பது அந்த உரிமையை மாற்றாது. அமெரிக்க வருமான வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி விரும்பினால் விவரம் தரலாம் என்றொரு விலக்கு உண்டு; சேலத்தில் வரி கட்டும் உங்களுக்கு அது உதவாது. உங்கள் மகன் எழுத்துமூலம் சம்மதம் கொடுத்தால் பதிவாளர் அலுவலகம் உங்களோடு பேசும். அதைவிட, வாரந்தோறும் பேராசிரியர் ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸ் நேரத்தில் அவனே போய்ப் பேசுவதுதான் பயன் தரும். தேர்வுத்தாளை எடுத்துக்கொண்டு, “இந்தப் படியில் எங்கே தவறினேன்?” என்று கேட்கும் மாணவரை அவர்கள் வரவேற்பார்கள், “இரண்டு மார்க் கூட்டிப் போடுங்கள்” என்பவரை அவ்வளவாக வரவேற்பதில்லை.

கேள்வி: இந்தப் பருவத்தில் 15 கிரெடிட் எடுத்திருக்கிறேன். 4 கிரெடிட் கொண்ட ஜெனரல் கெமிஸ்ட்ரியில் தேறுவேன் என்று தோன்றவில்லை. பாடத்திலிருந்து விலகி ‘டபிள்யூ’ வாங்குவது நல்லதா?
– ஒரு மாணவி, டெக்சஸ்

பதில்: கிரேடுக் கணக்கை மட்டும் பார்த்தால் நல்லதுதான். எஃப் வாங்கினால் அந்த 4 கிரெடிட்டுக்கும் பூஜ்யப் புள்ளி சேர்ந்து ஜிபிஏவை (கிரேடுப் புள்ளிகளின் சராசரியை) இழுத்துவிடும். டபிள்யூ பதிவேட்டில் தெரியுமே தவிர, ஜிபிஏவில் சேராது. ஆனால் நீங்கள் எஃப்-1 விசாவில் படிப்பவரானால் அவசரப்படாதீர்கள். இளநிலை மாணவர் ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். 15இல் 4 போனால் 11 ஆகிவிடும். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெறாமல் விலகினால் விசா நிலையே கேள்விக்குறியாகும். முதலில் அந்த அலுவலகத்துக்குப் போங்கள், பிறகு விலகுவதற்கான கடைசித் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் இறுதித் தேர்வாக ‘ஏசிஎஸ்’ தேர்வு வைக்கிறார்கள். நீட் போல நெகட்டிவ் மார்க் உண்டா?
– ஒரு மாணவர், நியூ ஜெர்சி

பதில்: இல்லை. அமெரிக்க வேதியியல் கழகம் தயாரிக்கும் அந்தப் பொது வேதியியல் தேர்வு வழக்கமாக 70 கொள்குறி வினாக்கள், 110 நிமிடம். சரியான விடைகள் மட்டுமே எண்ணப்படும். நீட்டுக்குப் படித்தபோது தெரியாத கேள்வியை விட்டுவிடப் பழகியிருப்பீர்கள். இங்கே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். உங்கள் மதிப்பெண்ணை நாடு முழுவதும் அதே தேர்வை எழுதியவர்களோடு ஒப்பிட்டுச் சதமானமாக மாற்றும் அட்டவணை உண்டு. அதைக் கிரேடாக்கும் முறை பேராசிரியரின் கையில் இருப்பதால், உங்கள் சிலபஸில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.