உள்ளங்கால் கட்டிக்குக் கரண்ட் வைக்கலாமா? நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: தேயிலை பறிக்கும் வேலை. இடது உள்ளங்கால் குழியில் சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி. கால் ஆணி என்று நினைத்து கார்ன் கேப் ஒட்டினேன். தோல் வெந்து உரிந்ததுதான் மிச்சம். (கோத்தகிரி வாசகி)

கார்ன் கேப்பை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. அதிலிருக்கும் சாலிசிலிக் அமிலம் தடித்த தோலைக் கரைக்கும், அவ்வளவுதான். கால் ஆணி, தரையிலோ செருப்பிலோ அழுந்தும் இடத்தில், தோலிலேயே வரும். நீங்கள் சொல்வது குழியில், தோலுக்கு அடியில் இருக்கிறது. உட்கார்ந்து, கால் பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பிடியுங்கள். குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் நார்ப்பட்டை விறைத்துத் தெரியும். கட்டி அந்தப் பட்டையோடு ஒட்டி, கெட்டியாக நின்றால், அநேகமாக அது லெடர்ஹோஸ் நோய். ஜெர்மன் அறுவை மருத்துவர் கியோர்க் லெடர்ஹோஸ் 1894இல் விவரித்தது. புற்றுநோய் அல்ல, வேறு இடத்துக்குப் பரவாது. ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிளேடால் சீவ மட்டும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 54 வயது. இரண்டு காலிலும் இந்தக் கட்டி, நடந்தால் வலி. கோவையில் ஒரு டாக்டர் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கலாம் என்கிறார். கேன்சர் இல்லை என்று அவரே சொல்கிறார், பிறகு எதற்குக் கரண்ட்? (குன்னூர் வாசகர்)

நியாயமான சந்தேகம். கட்டிக்குள் நார்த்திசுவை உண்டாக்கும் செல்கள் அளவுமீறிப் பெருகுகின்றன. பெருகிக்கொண்டிருக்கும் செல்களைக் கதிர்வீச்சு அடக்கும். அதற்குப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு தேவையில்லை. வழக்கமாக ஒரு நாளைக்கு 3 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), ஐந்து நாள். 6 முதல் 12 வாரம் இடைவெளி. மறுபடி ஐந்து நாள். மொத்தம் 30 கிரே. பல புற்றுநோய்களுக்கு 50 முதல் 70 வரை போகும்.

பலன் உண்டா? நெதர்லாந்தில் 84 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான கதிரும் மற்றதற்கு வெறும் பாவனைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவு 2023இல் வந்தது: ஓராண்டு கழித்து, கதிர் பெற்றவர்களுக்கு வலி தெளிவாகக் குறைவு. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களிலும் பலருக்கு வலி தணிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நோய் தானாகவே சில காலம் அடங்கிக் கிடக்கும்.

ஆகவே என் கணக்கு இது: கட்டி இருக்கிறது என்பதற்காகக் கரண்ட் வேண்டாம். வலிக்கிறது, வளர்கிறது, மெத்தென்ற இன்சோலும் எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பும் போட்டும் அடங்கவில்லை என்றால் யோசிக்கலாம். வளர்ந்து ஓய்ந்துபோன பழைய கட்டியைவிட, வளரும் கட்டியில்தான் பலன் அதிகம் எதிர்பார்க்கலாம். வலி குறைய மாதக்கணக்கில் ஆகும். கட்டி அடியோடு மறைந்துவிடும் என்று யாராவது உறுதி தந்தால் நம்பாதீர்கள்.

முடிவெடுத்தால், அந்த ஐந்து நாளும் கோவையில் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். பர்லியார் மலைப்பாதை வழியாகத் தினமும் இறங்கி ஏறுவது சிகிச்சையைவிடப் பெரிய தண்டனை. கருவிக்கு அடியில் இருப்பதோ சில நிமிடங்கள்தான்.

கேள்வி: கரண்ட் வைத்தால் முடி கொட்டுமா? பேரனைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்குங்கள். கதிர் வெளியிலிருந்து பாய்வது, உடம்பில் தங்காது. பாதத்தில் வைத்தால் தலைமுடி ஏன் கொட்டப்போகிறது? பாதத்தோல் சிவக்கலாம், பிறகு வறண்டுபோகலாம். பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் புற்றுநோய் வரும் ஆபத்து மிகச் சிறியது, ஆனால் பூஜ்யம் அல்ல. அதனால்தான் சிறுவர்களுக்குத் தவிர்க்கிறோம், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

கேள்வி: ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் ஒரே நாளில் தீருமே? (கூடலூர்)

தீர்ந்தால் நானே அனுப்பியிருப்பேன். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்ப வருகிறது. வராமலிருக்க நார்ப்பட்டையை அகலமாக நீக்க வேண்டும். அது பெரிய வெட்டு, ஆறவும் நாளாகும். உள்ளங்கால் தழும்பின் மேல் காலம் முழுக்க நடக்கவும் வேண்டும். சரிவில் வேலை செய்பவருக்கு அறுவை கடைசி வழி.

ஓர் எச்சரிக்கை. வேகமாக வளர்வது, 5 செ.மீ. தாண்டுவது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, மேல்தோல் கறுப்பது அல்லது புண்ணாவது: இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்ஸி (கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). அதற்கு முன் கரண்டும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

கேள்வி: ஊட்டிக் குளிர்தான் காரணம் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரையும் உண்டு.

குளிரைக் குற்றம் சொல்லாதீர்கள். பரம்பரை, சர்க்கரை, வலிப்பு நோய், மது ஆகியவற்றோடுதான் தொடர்பு பார்த்திருக்கிறார்கள். உள்ளங்கையிலும் இதேபோல் முடிச்சு, விரல் மடங்கிக்கொள்வது இருக்கிறதா பாருங்கள், இரண்டும் பங்காளிகள். பாதத்தில் மரத்த உணர்வு இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். குளிருக்கு அடுப்பருகே கால் நீட்டி, சூடு தெரியாமல் கொப்புளத்தோடு வருகிற சர்க்கரை நோயாளிகள் உண்டு.

கேள்வி: எனக்குக் கட்டி இல்லை. காலையில் முதல் அடி வைத்தாலே குதிகால் குத்துகிறது. எனக்கும் கரண்ட் உண்டா?

இது வேறு நோய், நார்ப்பட்டை குதிகாலில் சேரும் இடத்து வலி. ஜெர்மனியில் இதற்கும் கதிர் கொடுக்கிறார்கள். மொத்தமே 3 முதல் 6 கிரேதான். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். படுக்கையைவிட்டு எழும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து, கெண்டைக்காலை நன்றாக நீட்டுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும்.