நிகான் எஃப்3 பிலிம் கேமரா வாங்கப்போகிறேன். எந்தத் துணைப்பாகங்கள் தேவை, எதைச் சோதிக்க வேண்டும்?

பாடி, டிஇ-3 வியூஃபைண்டர், கே வகை ஃபோகஸிங் ஸ்க்ரீன் (ஃபோகஸ் பார்க்க உதவும் தகடு). லென்ஸைத் தவிர, தொடங்க இவ்வளவு போதும்.

பழைய எஃப், எஃப்2 கேமராக்களில் ஒளியை அளக்கும் மீட்டர், ஃபோட்டோமிக் என்ற ஃபைண்டரில் இருந்தது; அதைக் கழற்றினால் மீட்டரும் கையோடு வந்துவிடும். 1980-இல் வந்த எஃப்3-இல் மீட்டர் பாடிக்குள், மிரருக்குக் கீழே போய்விட்டது. ஆகவே குனிந்து பார்க்கும் டிடபிள்யூ-3, ஆறு மடங்கு பெரிதாக்கும் டிடபிள்யூ-4 என எதை மாட்டினாலும் அளவு கிடைக்கும். அந்த அளவில் 80 சதவீதம் நடுவிலுள்ள 12 மி.மீ. வட்டத்துக்கே. முகத்தை அதில் வைத்து, முன்புறமுள்ள, அளவைப் பிடித்து வைக்கும் லாக் பொத்தானை அழுத்தியபடி ஃபிரேமை மாற்றுங்கள்.

'எஃப்3 எச்பி' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். பாடி அதேதான், ஃபைண்டர்தான் வேறு: மேலே சொன்ன டிஇ-3. கண்ணை 25 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழு ஃபிரேமும் தெரியும். கண்ணாடி அணிபவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

சோதிக்க இரண்டு எஸ்ஆர்44 பேட்டரி கொண்டுபோங்கள். படங்களை எண்ணும் கவுண்டர் 1-ஐத் தொடும்வரை டயலில் எந்த வேகத்தை வைத்தாலும் ஷட்டர் 1/80-இல்தான் ஓடும். இது தெரியாமல் நல்ல கேமராவைப் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பின்கதவை மூடி, 1-ஐத் தாண்டும்வரை சுற்றியபின் வேகங்களைப் பாருங்கள். அபர்ச்சர் வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது ஃபைண்டரில் தெரியும் ஷட்டர் வேக எண்கள் தாறுமாறாகக் குதித்தால் உள்ளிருக்கும் ரெசிஸ்டர் தடம் அழுக்காகியிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். அது செலவு வைக்கும். பேட்டரி இல்லாமல் லென்ஸ் பக்கத்து நெம்புகோலை இழுத்தால் சுமார் 1/60-இல் ஷட்டர் விழ வேண்டும். கதவோரப் பஞ்சு பிசுபிசுத்தால் கவலை வேண்டாம், மலிவாக மாற்றலாம்.

பிலிமைத் தானாகச் சுற்றும் எம்டி-4 மோட்டார் டிரைவ் எட்டு ஏஏ பேட்டரி தின்னும். கேமராவுக்கும் அதிலிருந்தே மின்சாரம் போகும். அதை மாட்டக் கழற்றும் அடிமூடியை பேட்டரி ஹோல்டரிலேயே செருகி வைக்க இடமுண்டு. மோட்டாரோடு விற்கிற பாடியில் அந்த மூடி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது தொலைந்திருந்தால், மோட்டார் இல்லாமல் எடுக்கும்போது அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் புகுந்து பிலிமைக் கெடுக்கும்.

ஃப்ளாஷ் விஷயத்தில் மட்டும் இந்தக் கேமரா தொல்லைதான். ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ, பிலிமைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்ட் குமிழைச் சுற்றி இருக்கிறது, சாதாரண ஃப்ளாஷ் பொருந்தாது. ஏஎஸ்-4 அடாப்டர் வேண்டும். ரோல் மாற்ற அதையும் கழற்ற வேண்டும்.