மாடியில் மண், ஜன்னலில் பாகற்கொடி: ஜப்பான் நகரத் தோட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கட்டடக்கலை மாணவி, திருச்சி: ஃபுகுவோகா நகரத்து அக்ரோஸ் கட்டடத்தின் படம் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் காடு. அவ்வளவு மண்ணைத் தளம் எப்படித் தாங்குகிறது? கசியாதா?

அக்ரோஸ் 1995இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் எமிலியோ அம்பாஸ். தெற்கே இருக்கும் தென்ஜின் மத்தியப் பூங்காவின் பசுமையைக் கட்டடம் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பக்கத்தை மட்டும் படிப்படியாக ஏறும் மலைபோல் சுமார் 60 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். வடக்கே சாலைப் பக்கம் வந்து நின்றால் வழக்கமான கண்ணாடி அலுவலகம்தான் தெரியும். தொடக்கத்தில் நட்டவை 76 வகை, சுமார் 37,000 செடிகள். இன்று 120 வகை, 50,000 செடிகள் என்கிறார்கள். நடுவில் சேர்ந்தவற்றில் பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகளும் உண்டு.

எடைக்கு வருவோம். சாதாரணத் தோட்டமண் ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. கனத்துக்கு, நன்றாக நனைந்த நிலையில், 160 முதல் 180 கிலோ வரும். பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக் கல்) போன்றவற்றால் செய்த இலகு மண் என்றால் 70 முதல் 100 கிலோ. புல்லுக்கு 15–20 செ.மீ., புதருக்கு 30–45 செ.மீ., மரத்துக்கு 60 செ.மீ.க்கு மேல் மண் வேண்டும். ஆக, மரம் வைக்கிற இடத்தில் சாதாரண மண் போட்டால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தொட்டுவிடும். காய்ந்த மண்ணின் எடையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. மழை பெய்த மறுநாள் எடைதான் உண்மையான எடை.

புதுக் கட்டடத்தில் இந்தப் பாரத்தை வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம். பழைய கட்டடத்தில்தான் சிக்கல். ஜப்பானியக் கட்டட விதிப்படி சாதாரண மொட்டைமாடிக்குத் தளப்பலகைக் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ, தூண், உத்திரக் கணக்கில் 130, நிலநடுக்கக் கணக்கில் 60. இந்த மூன்றில் நம் கையைக் கட்டிப்போடுவது கடைசி எண்தான். தளம் 180 கிலோவைத் தாங்கும் என்று நம்பி மாடி முழுக்க மண் நிரப்பினால், பூமி குலுங்கும்போது உச்சியில் இருக்கும் அந்தப் பாரம் கட்டடம் முழுவதையும் சேர்த்து இழுக்கும். டோக்கியோ ரொப்போங்கி ஹில்ஸில் 2003இல் திறந்த கெயாகிசாகா கட்டடம் இந்தப் பாரத்தையே உதவியாக மாற்றியது. நெல் வயலோடு இருக்கும் அதன் மாடித்தோட்டம் கட்டடத்தோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. அசையும் தாங்கிகள்மேல் உட்கார்ந்து, நிலநடுக்கத்தில் ஆட்டத்தைக் குறைக்கிறது. நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கசிவுக்கு வருவோம். கீழிருந்து மேலாக: நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் வேர் துளைக்காத விரிப்பு, பிறகு நீர் வடியும் தட்டு, மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் துணி, அதற்கு மேல்தான் மண். மூங்கிலும் நாணல் போன்ற சுசுகிப் புல்லும் விரிப்பின் இணைப்பைத் தேடிப் போய்த் துளைக்கும்; மாடியில் அவை வேண்டாம். ஆனால் நடுத்தளத்தில் கசிவது அபூர்வம். கசிவது ஓரச்சுவரிலும் வடிகால் வாயிலும். நீர்த்தடுப்பு சுவரில் ஏறி நிற்கும் விளிம்புக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே மண்மட்டம் நிற்க வேண்டும். வடிகால் வாயை மண்ணால் மூடவே கூடாது; மூடி போட்ட பெட்டி ஒன்றை அதன்மேல் வைத்து, திறந்து பார்க்கும்படி விட வேண்டும். மண் போடுவதற்கு முன் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பாருங்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு மொத்த மண்ணையும் அள்ள வேண்டி வரும்.

வாசகர், மதுரை: டோக்கியோவில் புதுக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் மாடித்தோட்டம் இருக்கிறதே, ஆசையா, சட்டமா?

சட்டம். 2001இல் டோக்கியோ மாநகரம் கொண்டுவந்த விதிப்படி, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் தனியார் கட்டினாலும், 250க்கு மேற்பட்ட மனையில் அரசு கட்டினாலும், பயன்படுத்தக்கூடிய மாடிப் பரப்பில் குறைந்தது 20 சதவீதம் பசுமையாக இருக்க வேண்டும். நூறு ஆண்டுகளில் நகரத்தின் சராசரி வெப்பம் சுமார் 3 டிகிரி ஏறியதுதான் பின்னணி.

இல்லத்தரசி, டோக்கியோ: மேற்குப் பார்த்த பால்கனி. மாலை வெயில் தாங்கவில்லை. இங்கே எல்லோரும் பாகற்கொடியைப் பந்தல்போல ஜன்னலில் கட்டுகிறார்கள். எப்படி?

அதற்குப் பெயர் ‘மிதோரி நோ காத்தென்’, பச்சைத் திரை. 2011 நிலநடுக்கத்துக்குப் பின் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டிவந்தபோது வீட்டுக்கு வீடு பரவியது. கொடி நம் பாகல்தான். அங்கே கோயா என்பார்கள். ஊரிலிருந்து விதை கொண்டுபோகாதீர்கள், தாவரநலச் சான்றில்லாமல் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து நாற்றே கடைகளில் கிடைக்கும்.

மே நடுவுக்குள் நடுங்கள். 65 செ.மீ. நீளம், 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டி, 35 லிட்டர் மண், இரண்டே நாற்று. மூன்றாவதைச் செருகினால் ஆகஸ்டில் மூன்றும் வாடும். வலைக்கண் 10 செ.மீ. இருக்கட்டும். வலையை மேலும் கீழும் கட்டி, தட்டினால் அதிரும் அளவுக்கு இழுங்கள். தொளதொளவென்று இருந்தால் காற்றில் உரசியே தண்டு முறியும். பால்கனி அடுக்ககத்தின் பொதுச்சொத்து. சுவரில் துளை போட முடியாது. தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் கம்பங்களை வாங்கிக் கட்டுங்கள்.

அடுத்து நுனி கிள்ளுவது. ஆறாவது இலை வந்ததும் நடுத்தண்டின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் கிள்ளாத கொடி ஒற்றைக் கயிறாக மேலே ஓடி, உச்சியில் புதராகி, கீழே ஜன்னலை வெறுமையாக விட்டுவிடும். கிள்ளினால் பக்கக்கிளை மூன்று நான்கு எழும்; அவற்றைக் கையால் பக்கவாட்டில் வலையில் கோத்துவிட்டால் திரை அடர்ந்து வரும்.

ஜூலைக்குப் பின் காலை, மாலை இருவேளையும் தொட்டியடியில் நீர் ஒழுகும்வரை ஊற்றுங்கள். அடியிலைகள் மஞ்சளித்தால் பெரும்பாலும் வேர் காய்ந்திருக்கும், அல்லது உரம் போதவில்லை. இரு வாரத்துக்கொரு முறை உரம் வையுங்கள். உயரமான மாடிக்குத் தேனீ வராது. காலையில் ஆண்பூவைப் பறித்து, அடியில் பிஞ்சுள்ள பெண்பூவில் தடவினால் காய் பிடிக்கும். காயைப் பழுக்க விட்டால் கொடி தளரும், திரையும் மெலியும்.

இரண்டு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய பலகையில், ஆபத்துக் காலத்தில் உடைத்துத் தப்பலாம் என்று எழுதியிருக்கும். அதன் முன்னாலும், தரையில் தப்பிக்கும் ஏணியின் மூடி இருந்தால் அதன்மேலும் தொட்டி வைக்காதீர்கள். அடுத்து, புயல் அறிவிப்பு வந்தால் வலையின் மேல்முடிச்சை அவிழ்த்து, கொடியோடு சுருட்டித் தரையில் கிடத்திவிடுங்கள். இலை நிறைந்த வலை பாய்மரம்போலக் காற்றைப் பிடித்துக் கம்பத்தையே சாய்க்கும்.

வாசகர், ஈரோடு: செடம் என்ற சதைப்பற்றுச் செடி போதும், பராமரிப்பே வேண்டாம் என்கிறார்களே?

எடை குறைவு என்பது உண்மை. விரிப்பும் மண்ணும் சேர்ந்தே சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்குள் அடங்கும். அதனால்தான் பழைய மாடிகளில் அதைத் தேடுகிறார்கள். ஆனால் வறண்டால் அது பகலில் இலைத்துளையை மூடிக்கொள்ளும், நீராவி விடாது. புல் தருகிற குளிர்ச்சியை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஜப்பானின் புழுக்கமான கோடையில் நீர் தேங்கினால் வெந்ததுபோல அழுகும். பராமரிக்காவிட்டால் மூன்றாம் ஆண்டில் களைதான் மிஞ்சும்.

ஓவிய ஆசிரியை, புதுச்சேரி: கியோத்தோ வீடுகளின் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு தோட்டம் அழகுக்கு மட்டும்தானா?

ட்சுபோநிவா என்பார்கள். ட்சுபோ என்பது சுமார் 3.3 சதுர மீட்டர். கியோத்தோவின் மச்சியா எனும் பழைய மர வீடுகள் முகப்புக் குறுகி உள்ளே நீண்டு போகும். நடுவறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் இந்த முற்றத்தால்தான் கிடைக்கின்றன. நம் தொட்டிக்கட்டு வீடுகளில் முற்றம் செய்கிற வேலையே. நடுவில் நிழலான சிறுதோட்டம், பின்னால் வெயில்படும் தோட்டம். பின்னால் சூடான காற்று மேலெழ, நிழல்பக்கக் குளிர்காற்று வீட்டுக்குள் நடந்து அந்த இடத்தை நிரப்பும். சிறுதோட்டத்தில் தண்ணீர் தெளித்தால் இந்த ஓட்டம் கூடும்.

நிழலில் வாழ்பவையே அங்கே நிலைக்கும்: பெரணி, யாட்சுதே, நந்தினா போன்ற புதர்கள், தரையில் பாசி. நெருக்கி நட்டால் காற்று நின்றுவிடும், ஒரு கல்தொட்டியும் இரண்டு மூன்று செடியும் போதும். பாசிக்குக் கோடையில் உச்சிவேளையில் நீர் ஊற்றினால் வெந்து பழுப்பாகும். காலையிலோ அந்தியிலோ தெளியுங்கள். உதிர்ந்த இலைகளை அன்றன்றே மெல்லிய துடைப்பத்தால் எடுத்துவிடுங்கள்.