வீட்டுக் கடனை அடைத்துவிட்டு வேலையை விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. நான்கு மாதங்களுக்கு முன் மாடியிலிருந்து தவறி விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டு பிள்ளைகள். நானும் வேலைக்குப் போகிறேன். அவருடைய நிறுவனத்தின் விபத்துக் காப்பீட்டில் வந்ததும் உறவினர்கள் கொடுத்ததுமாக, என் மாதச் சம்பளத்தைப் போல 30 மடங்கு பணம் கையில் இருக்கிறது. "வீட்டுக் கடனை மொத்தமாக அடைத்துவிடு, வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்" என்கிறார் அண்ணன். செய்யலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம்.

அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது லேசில் நடக்காது. வேலையையும் விட்டுவிட்டால் புதுக் கடனும் கிடைக்காது. வங்கியில் நிலைமையை எழுத்தில் சொல்லி, தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன் கடன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடனோடு சேர்த்து எடுத்த காப்பீடு இறப்புக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சிலவற்றில் நிரந்தர ஊனத்துக்கும் உண்டு. அவர் பெயரிலுள்ள ஆயுள் பாலிசிகளில் ஊன ரைடரோ (ஊனம் வந்தால் பணம் தரும் கூடுதல் பிரிவு), இனி பிரீமியம் கட்ட வேண்டாம் என்ற சலுகையோ இருக்கலாம். பாதிப்பு சில மாதங்கள் நீடித்த பிறகே பணம் தருவோம் என்று விதி இருந்தாலும், தகவலை இன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விழுந்ததில் வேறு யாருடைய அலட்சியமாவது இருந்தால், இழப்பீட்டுச் சமரசத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நரம்பில் வரக்கூடிய முன்னேற்றம் பெரும்பாலும் முதல் 6 முதல் 12 மாதங்களில்தான் தெரியும். கையெழுத்துப் போட்ட பிறகு கூடுதலாகக் கேட்பது கடினம்.

இனி செலவு. ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து மலைத்துப்போகிறோம். அது ஒருமுறை வருவது. குடும்பத்தைக் கரைப்பது மாதாமாதம் வருவதுதான். சிறுநீர் எடுக்க ஒரு நாளைக்கு 5 முறை கதீட்டர் (மெல்லிய குழாய்) என்றால் மாதம் 150 முறை. அதைத் தவிர கையுறை, மருந்து, பிசியோதெரபி. ஒரு மாதம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் கஞ்சத்தனம் பார்த்தாலும் அதன் மெத்தையில் மட்டும் பார்க்காதீர்கள். உணர்வில்லாத இடத்தில் அழுத்தப்புண் வந்தால் அவருக்கே தெரியாது. ஆறப் பல மாதங்கள் ஆகலாம், சில சமயம் அறுவை சிகிச்சை வரை போகும். நல்ல மெத்தையின் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வீட்டை மாற்றும் முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். சாய்தளத்துக்கு 1:12 என்பது வழக்கமான கணக்கு. வாசல்படி அரை அடி உயரம் என்றால் ஆறடி நீளம் வேண்டும். குளியலறைக் கதவு 32 அங்குலம் திறந்தால்தான் நாற்காலி தாராளமாக நுழையும்.

உங்கள் சம்பளம்தான் இப்போது குடும்பத்தின் பெரிய சொத்து. காலைக்கடன், குளியலுக்கு உதவ மட்டும் சில மணி நேரத்துக்கு ஆள் வைத்தால் போதுமா என்று பாருங்கள். இவருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன. முறையான மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் இவரைப் போன்றவர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, உடை போடுவது எல்லாம் பெரும்பாலும் தாமே செய்துகொள்வார்கள். கணக்கு வேலைக்குத் திரும்பவும் தடையில்லை. அந்தப் பயிற்சிக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். முதலாளியிடமும் இப்போதே பேசி வையுங்கள்.

இன்னொன்று. "ஸ்டெம் செல் போட்டால் நடந்துவிடுவார்" என்று யாராவது வருவார்கள். தண்டுவடத்தை மீட்டுத் தருவதாக நிரூபணமான சிகிச்சை இன்றுவரை இல்லை. முறையான ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் பொதுவாகச் சிகிச்சைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். முன்பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். இதற்காகச் சொத்தை விற்றவர்கள் உண்டு.

ஆக, 12 மாதக் குடும்பச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். வீட்டை மாற்றும் வேலைக்கும் நாற்காலிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மீதியை வெவ்வேறு காலத்தில் முதிரும் வைப்புகளாகப் பிரித்துப் போடுங்கள். பங்குச்சந்தைப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். கடனை முன்கூட்டி அடைப்பதா என்பதை ஒரு வருடம் கழித்துப் பேசலாம். அப்புறம், உங்கள் பெயரில் டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.